பக்கத்து வீட்டைப் பெருக்கும் சூத்திரம்

கடைச் சரக்குப் பட்டியல் ஒன்றை எக்ஸெலில் போட்டிருக்கிறீர்கள். பி பத்தியில் விலை, சி பத்தியில் எண்ணிக்கை, மொத்தம் 500 வரிகள். டி2 கட்டத்தில் 'பி2 பெருக்கல் சி2' என்று ஒருமுறை எழுதி, கட்டத்தின் வலது கீழ்மூலையில் உள்ள சின்னச் சதுரத்தை இரட்டைக் கிளிக் செய்தால் போதும். 500 பெருக்கலும் முடிந்துவிடும். அடுத்த வரியில் பார்த்தால் 'பி3 பெருக்கல் சி3' என்றிருக்கும். நாம் எழுதியதை யார் மாற்றியது?

யாரும் மாற்றவில்லை. '12-ஆம் எண் வீடு' என்றால் யார் சொன்னாலும் ஒரே வீடு. 'பக்கத்து வீடு' என்றால் சொல்பவர் எங்கே குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. டி2-இல் இருக்கும் சூத்திரத்தின் உண்மையான பொருள், 'எனக்கு இடப்பக்கம் இரண்டு கட்டம் தள்ளி இருப்பதையும் ஒரு கட்டம் தள்ளி இருப்பதையும் பெருக்கு' என்பதுதான். எக்ஸெலின் அமைப்புகளில் 'ஆர்1சி1' என்ற முறையை இயக்கிப் பாருங்கள். 500 கட்டங்களிலும் எழுத்து மாறாமல் ஒரே சூத்திரம் தெரியும். கணினி வகுப்புகளில் முதல் நாளே இதைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

நகரும் முகவரியின் கதை பழையது. 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவராக இருந்த டேன் பிரிக்ளின், கரும்பலகையில் ஓர் எண் தவறினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்ததைக் கவனித்தார். அடுத்த ஆண்டு, பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள், ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அதில் சூத்திரத்தைப் பிரதி எடுக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு கட்ட முகவரிக்கும் ஒரு கேள்வி வரும்: இது அப்படியே இருக்கட்டுமா, கூடவே நகரட்டுமா? பிறகு வந்த மென்பொருள்கள் கேட்பதை விட்டுவிட்டன. நகர்வது இயல்பாயிற்று; நகரக் கூடாத முகவரிக்கு டாலர் குறி போடுவது நம் பொறுப்பாயிற்று.

அந்தக் குறி விடுபட்டால் என்ன ஆகும்? ஜி1-இல் 18 சதவீத வரி இருக்கிறது. இ2-இல் 'டி2, அதோடு டி2 பெருக்கல் ஜி1' என்று எழுதிக் கீழே நிரப்புகிறீர்கள். முதல் வரிசை சரியாக இருக்கும். அடுத்த வரிசை ஜி2-ஐத் தேடும். அது வெற்றுக் கட்டம். எக்ஸெல் அதைச் சைபராக எடுத்துக்கொள்ளும். 499 வரிசைகளில் வரி சேராத தொகை நிற்கும், பார்வைக்கு நம்பும்படியாகவே. பிழைச் செய்தி எதுவும் வராது.

டாலர் குறியால் அல்ல என்றாலும், இப்படிச் செய்தியே இல்லாத சூத்திரப் பிழை பெரிய அறிஞர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. அரசுக் கடன் பற்றி கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், சராசரிச் சூத்திரம் ஐந்து வரிகள் முன்னதாகவே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, கனடா உட்பட ஐந்து நாடுகள் விடுபட்டன. 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த ஆய்வின் எக்ஸெல் கோப்பைத் திறந்து பார்க்கும்வரை அது வெளியே தெரியவில்லை.

எக்ஸெலுக்காக 2018-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த புதிய முறையில் பிரதி எடுக்கும் வேலையே இல்லை. டி2-இல் 'பி2 முதல் பி501 வரை பெருக்கல் சி2 முதல் சி501 வரை' என்று எழுதினால் விடைகள் தாமாகவே கீழே வழிந்து நிரம்பும். சூத்திரம் இருப்பது ஒரே இடத்தில். வழியில் ஏதாவது ஒரு கட்டத்தில் வேறு எழுத்து இருந்தால் சூத்திரம் ஓசைப்படாமல் தாண்டிப் போகாது. டி2-இலேயே பிழைக் குறி காட்டி நின்றுவிடும்.