வானமும் ஒளியும் நிழற்படமும்

புதுவையை அடுத்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் சமநிலம். நெல்வயலும், ஏரியும், பனைவரிசையும், இடையிடையே ஒரு கோயிற் கோபுரமுமே ஆண்டு நிலத்திற் காண்பன. கண்ணை மறிக்கும் மலை யாதும் இன்மையால், எஞ்சிய பரப்பெல்லாம் வானமேயாகும். ஆதலின் இந்நாட்டைப் படம் பிடிக்க விழைவோர் வானத்தையும் அதன் ஒளியையும் முதற்கண் அறிந்துகொள்ளல் வேண்டும். அவ்வறிவிற்குரிய சில செய்திகளைச் சுருக்கமாக ஈண்டுக் கூறுவாம்.

வானத்தைப் படத்திற் கொணர்தல் நிழற்படக் கலையின் தொடக்கந்தொட்டே இடர்ப்பாடுடையதாகும். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பார் 1857-58இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களையும் காட்சிகளையும் படம் பிடித்தார். அக்காலத்து நெகடிவ் நீல ஒளியை மிகுதியாகவும், பச்சை, சிவப்பு ஒளிகளை மிகக் குறைவாகவும் ஏற்கும் தன்மையது. கோபுரமும் மரமும் செவ்வனே பதியுமளவு ஒளிவிட்டால், வானம் அளவிறந்து பதிந்து வெறும் வெள்ளையாய் நிற்கும். அதனால் டிரைப் நெகடிவின்மீது வண்ணம் தீட்டி, மேகங்களைக் கையாலேயே அமைத்தார். பிரஞ்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பார் அதே காலத்தில் கடலுக்கொன்றும் வானுக்கொன்றுமாக இரு நெகடிவ் எடுத்து, அவற்றை ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார்.

இக்காலக் காமிரா எல்லா நிறங்களையும் ஏற்கும். எனினும் பழைய இடர் முற்றும் ஒழிந்திலது. நம் கண் வானை நோக்குங்கால் சுருங்கியும், நிலத்தை நோக்குங்கால் விரிந்தும், இரண்டையும் தெளிவாகக் காட்டும். காமிராவோ ஒரே அளவில் இரண்டையும் ஏற்றாக வேண்டும். டிஜிட்டல் காமிராவில் அளவிறந்து வெளுத்த பகுதியை மீட்க இயலாது. இருண்ட பகுதியை ஓரளவு தெளிவிக்கலாம். ஆதலின் மேகத்தின் வெள்ளொளி அழியாதவாறு அளவைக் குறைத்தெடுத்தலே முறை. செல்பேசியிலும் வானின் ஒளிமிக்க பகுதியைத் தொட்டு ஒளியைக் குறைத்துக்கொள்ளலாம். பிலிமிற்கோ இம்முறை மாறும். நெகடிவிற் பதியாத இருளை எவ்வாற்றானும் மீட்க இயலாமையின், நிழற்பகுதிக்குப் போதிய ஒளி தரவேண்டும். மேற்பாதி மட்டும் கருமையூட்டிய கண்ணாடியை லென்சின்முன் வைப்பதும் உண்டு. அடிவானம் நேர்கோடாயுள்ள பாகூர் வயல்வெளிக்கு அது மிகவும் பொருந்தும்.

இயற்கையே இவ்விடரை நீக்கித் தரும் காலமும் உண்டு. நாற்று நட்ட வயலில் நீர் தேங்கி நிற்குங்கால், வானின் ஒளி நிலத்திலும் தோன்றுகின்றது. நிலத்திற்கும் வானுக்கும் உள்ள ஒளி வேற்றுமை அப்பொழுது பெரிதும் குறைகின்றது. வயல் உலர்ந்தபின் கிடையாத படம் அந்நாட்களில் எளிதிற் கிட்டும்.

இனி, ஒளியின் பொழுதுகளை நோக்குவாம். ஞாயிறு உச்சியில் நிற்குங்காலத்தைவிட அடிவானில் நிற்குங்கால் அதன் கதிர் ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகின்றது. அவ்வழியில் நீல ஒளி சிதறிப்போக, பொன்னிறமும் செந்நிறமுமே நம்மை எய்துகின்றன. தாழ்ந்த கதிர் வரப்புக்கும் நெற்றாளுக்கும் நீண்ட நிழல் தருதலால், தட்டையான நிலமும் மேடுபள்ளம் உடையதாய்த் தோன்றும். ஆனால் புதுவை ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் உள்ளது. இங்கு ஞாயிறு செங்குத்தாக வீழ்கின்றமையின், மறைந்தபின் அந்தியொளி சுமார் 22 நிமிடமே நிற்கும். ஆகவே இடத்தை முன்னரே தேர்ந்து காத்திருத்தல் வேண்டும். நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்திருத்தலால், ஏரிக்கரைகள் பெரும்பாலும் நீருக்குக் கிழக்கே அமைவன. கரைமேல் நின்று மேற்கு நோக்குவார்க்கு ஊசுட்டேரி போன்ற ஏரியில் அந்திவானமும் அதன் நிழலும் ஒருங்கே காணலாகும்.

பருவமும் அறியத்தக்கது. கோடையிலும் ஆடி, ஆவணியிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் மேற்கினின்று எழுந்து கடலை நோக்கிச் செல்லும். மழை கிழக்கே கடந்தபின் மேற்கே வெயில் தோன்றுமாயின், வானவில் கீழ்வானில் அமையும். ஐப்பசி, கார்த்திகையிலோ மழை கடலினின்று, பெரிதும் இரவிலும் விடியலிலும் வரும். அதனால் காலை வானவில் மேல்வானிலேயே தோன்றும். வானவில் எப்பொழுதும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறத்தது. ஞாயிறு 42 பாகைக்குமேல் உயர்ந்தபோது நிலத்தில் நிற்பார்க்கு அது தோன்றாது. எனவே நண்பகலில் அதனைத் தேடுதல் வீண். மார்கழி, தையில் காற்றடங்கித் தெளிந்த இரவின்பின், வயலின்மேல் தாழ்ந்த பனிமூட்டம் படரும். ஞாயிற்றை எதிர்நோக்கி நின்று எடுத்தால், பனைகள் கருநிழலாய் அடுக்கடுக்காகத் தோன்றும்.

மின்னலைப் படம் பிடிக்க விழைவார் ஒன்றை மறத்தலாகாது. திறந்த வயலில் நிமிர்ந்து நிற்கும் ஆளும் பனையும் மின்னலுக்கு ஒருதன்மையனவே. மின்னல் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்குமாயின், அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் உள்ளதென அறிந்து உறுதியான கட்டடத்தினுள் புகவேண்டும். மரத்தடி புகலிடமாகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளிவரலாகாது. காமிராவை முக்காலியில் அறையினுள்ளே நிறுத்தி, சன்னல் வழியே இரவில் ஷட்டரைப் பத்து, இருபது விநாடி திறந்துவைத்தால் மின்னற்கொடி தானே பதியும்.

ஈற்றில் உண்மையைப் பற்றி ஒரு சொல். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் பெஞ்சல் புயலும் இப்பகுதியைத் தாக்கின. பெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. பின்னர்த் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதி ஊர்களிற் புகுந்தது. இத்தகைய நாட்களில் எடுத்த படம் அழகுக்கு மட்டுமன்றிச் சான்றுக்கும் உரியது. நீர் எந்த வரப்பைக் கடந்தது, எந்தக் கரை உடைந்தது, எவர் பயிர் மூழ்கிற்று என்பவற்றைப் பின்னாள் அதுவே சொல்லும். டிரைப் மேகம் தீட்டியது கருவியின் குறையால். இன்றோ அக்குறை இல்லாதபோதும், இல்லாத மேகத்தைச் செல்பேசியே நொடியில் ஒட்டித் தருகின்றது. பழைய வெள்ளத்தின் படத்தைப் புதியதென்று பரப்புவாரும் உளர். பொய்ப்படம் பெருகுமிடத்து மெய்யாகவே துன்புற்றார் படமும் நம்பப்படாதொழியும். எனவே இடமும் நாளும் நேரமும் குறித்து வைத்தலும், கண்ட வானையே காட்டுதலும், துயருற்ற குடியானவரிடம் இசைவு பெற்றே அவரைப் படம் பிடித்தலும் கற்றார் கடனாம். நல்ல வானம் இன்று வாய்க்கவில்லையெனின், நாளையும் கரைக்குச் செல்வோம்.