'விரூபாக்ஷா': மிரட்டும் படம், மிஞ்சும் கேள்வி

தமிழக எல்லையை ஒட்டிய நாகலாபுரத்தில் வாழும் தமிழர்களுக்குத் தெலுங்குப் படம் அயல் படம் அல்ல. அவர்களுக்கு ஏற்ற திகில் படம் 'விரூபாக்ஷா'. 2023-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி தெலுங்கிலும், மே 5-ந் தேதி தமிழிலும் வெளிவந்தது.

கதை

1979-ம் ஆண்டு. ருத்ரவனம் கிராமத்தில் குழந்தைகள் அடுத்தடுத்துச் சாகின்றன. சூனியம் வைத்ததாகச் சொல்லி, ஒரு தம்பதியை ஊரார் உயிரோடு கொளுத்துகிறார்கள். 12 ஆண்டுகள் கழித்து மறுபடியும் மர்மச் சாவுகள்! ஊர் எல்லைக்குக் கட்டுப் போடுகிறார்கள். துப்புத் துலக்க இறங்குகிறார், கதாநாயகன் சாய் தரம் தேஜ்.

நிறை

டைரக்டர் கார்த்திக் வர்மா தண்டு, பூட்டிய ஊரையும் 'அடுத்தது யார்?' என்ற சந்தேகத்தையும் வைத்தே பயமுறுத்துகிறார். அஜனீஷ் லோக்நாத்தின் இசை பக்கபலம். கதாநாயகி சம்யுக்தாவுக்கு வெறும் காதல் வேடம் அல்ல, நன்றாகவே நடித்திருக்கிறார்.

குறை

முற்பாதியில் காதல் காட்சிகள் இழுவை. ஆனால் பெரிய குறை வேறு. சூனியம் பலிக்கும் என்றே படம் சாதிக்கிறது. இருவரை எரித்த ஊரை அழுத்தமாகக் கேள்வி கேட்கவில்லை.

சினிமாதானே என்று தள்ளிவிட முடியாது. 2021 ஜனவரியில், அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், இரண்டு மகள்களைக் கொன்றதாகப் பெற்றோரே கைதானார்கள். மகள்கள் உயிரோடு எழுந்து வருவார்கள் என்று நம்பினார்களாம். இருவரும் நன்கு படித்தவர்கள்!

படத்தைப் பார்க்கலாம், பயப்படலாம். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் போகவேண்டியது டாக்டரிடம், மந்திரவாதியிடம் அல்ல.