எஸ்கேப்: தப்பியது யார்?

மொழிபெயர்ப்பாளரைத் திணறவைக்கும் ஓர் எளிய ஆங்கிலச் சொல்

'எஸ்கேப்' என்ற சொல்லுக்கு இன்று யாரும் அகராதியைப் புரட்டுவதில்லை. வீட்டுப்பாடம் எழுதாத பையன் முதல் கைமாற்று வாங்கிய நண்பர் வரை எல்லோரும் 'எஸ்கேப்' ஆகிறார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் மேஜைக்கு வந்துவிட்டால் அது படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கைதி சிறையிலிருந்து தப்பி ஓடுகிறார். அமைச்சர் விபத்தில் மயிரிழையில் உயிர் பிழைக்கிறார். குழாயிலிருந்து வாயு கசிகிறது. அச்சுப்பிழை கண்ணில் படாமல் போகிறது. தெரிந்தவர் பெயர் நினைவுக்கு வர மறுக்கிறது. ஒப்பந்தத்தில் நழுவுவதற்கென்றே ஒரு ஷரத்து இருக்கிறது. பூமியின் ஈர்ப்பை மீற ராக்கெட்டுக்கு வேண்டியது நொடிக்கு 11.2 கி.மீ. வேகம், நம் பாடநூல்களில் அது 'விடுபடு வேகம்'. தமிழுக்கு இத்தனை வினைகள் வேண்டியிருக்க, ஆங்கிலம் ஒரே சொல்லில் காரியத்தை முடித்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் விசைப்பலகையின் இடது மேல் மூலையில் இருப்பதும் அதே சொல்தான்.

அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. 'மேலங்கிக்கு வெளியே' என்பது பொருள். பிடிக்க வந்தவன் கையில் அங்கியை விட்டுவிட்டு ஆள் ஓடிவிடுகிற காட்சி.

சொல் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் போபால் பற்றிய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்க உட்கார்ந்தால் சிரிப்பு வராது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் 'எஸ்கேப்' ஆனது. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிய ஆயிரக்கணக்கானவர்களால் 'எஸ்கேப்' ஆக முடியவில்லை. டிசம்பர் 7 அன்று போபாலில் கைதான நிறுவனத் தலைவர் வாரன் ஆண்டர்சன், அன்றே ஜாமீன் பெற்று, மாநில அரசின் விமானத்தில் டெல்லி சென்று, அமெரிக்கா திரும்பினார். 1992இல் போபால் நீதிமன்றம் அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என அறிவித்தது. விசாரணைக்கு வராமலே 2014இல் அவர் இறந்தார். இதுவும் 'எஸ்கேப்'தான்.

முதல் வாக்கியத்தில்தான் சிக்கல். 'வாயு தப்பியது' என்றால் ஏதோ அது தானாகவே சுவரேறிக் குதித்த மாதிரி இருக்கிறது. 'கசிந்தது' என்றாலும் பழி வாயுவின் மேல்தான். அதைக் கசியவிட்டவர்கள் வாக்கியத்திலேயே இல்லை.

சட்டம் இந்தச் சொல்லை முன்பே பிடித்து வைத்திருந்தது. ஒருவர் தன் இடத்தில் வைத்திருக்கும் ஆபத்தான பொருள் அங்கிருந்து தப்பி வெளியேறித் தீங்கு செய்தால் அவரே பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தில் தீர்ப்பானது. ஆனால் இயற்கைச் சீற்றம், வெளியாள் செயல் என்று அந்த விதியிலும் நழுவ வழிகள் இருந்தன. 1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில் 1986 டிசம்பரில், தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு அந்த வழிகளை அடைத்தது. ஆபத்தான தொழில் நடத்துபவருக்குப் பொறுப்பு முழுமையானது, விதிவிலக்கே கிடையாது என்றது.

தீர்ப்பு வந்தது, நழுவல் நிற்கவில்லை. போபால் வழக்கில் 2010இல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு 2 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்றே ஜாமீனும் கிடைத்தது.

தமிழில் 'தப்பு' என்றால் பிழை. தப்பித்துக்கொள் என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. ஆகவே போபால் ஆவணத்தைத் தமிழாக்குபவர் வாயு தப்பியது என்று எழுதும்போதே இன்னொரு கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது: தப்பு யாருடையது?