இரு வல்லரசுகளுக்கு இடையில் சிறிய அரசுகள்: இமயமலை நாடுகள் தரும் பாடம்



“பிராந்திய வல்லரசுகளுக்கு இடையிலான போட்டி அயலிலுள்ள சிறிய அரசுகளின் பாதுகாப்பில் ஏற்படுத்தும் தாக்கத்தை உதாரணங்களுடன் விளக்குக” என்ற வகையான வினாவுக்கு, “பெரிய நாடு சிறிய நாட்டை அடக்கும்” என்று ஒரே வரியில் விடையை முடித்து விடுபவர்கள் பலர். இது பாதி விடை மாத்திரமே. சிறிய அரசு என்ன செய்தது, ஏன் அவ்வாறு செய்தது என்பதையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும். இதனை நேபாளம், பூட்டான், சிக்கிம் ஆகியவற்றைக் கொண்டு நோக்குவோம்.

1. பின்னணி

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே திபெத் நீண்டகாலம் ஓர் இடைவெளியாக இருந்து வந்தது. 1950 இல் சீன மக்கள் விடுதலை இராணுவம் திபெத்தினுள் பிரவேசித்ததும் அவ்விடைவெளி மறைந்தது. இமயமலையைத் தனது பாதுகாப்பு அரணாகக் கருதிய இந்தியா, பிரித்தானியர் காலத்து ஏற்பாடுகளுக்குப் பதிலாகப் பின்வரும் உடன்படிக்கைகளைச் செய்து கொண்டது.

(அ) பூட்டான், 1949: வெளிவிவகாரங்களில் இந்தியாவின் ஆலோசனைப்படி நடக்கப் பூட்டான் இணங்கியது.
(ஆ) நேபாளம், 1950 யூலை: சமாதான, நட்புறவு உடன்படிக்கை.
(இ) சிக்கிம், 1950 டிசெம்பர்: பாதுகாப்பும் வெளிவிவகாரமும் இந்தியாவின் பொறுப்பாயின.

1962 இல் நடைபெற்ற இந்திய-சீன யுத்தத்தின் பின்னர் இவ்வெல்லை முற்றிலும் இராணுவ முக்கியத்துவம் பெற்றது.

2. மூன்று அரசுகள், மூன்று வழிகள்

சிக்கிம்: மன்னருக்கு எதிராக 1973 இல் உள்நாட்டுக் கிளர்ச்சி தோன்றியது. 1975 இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டு, சிக்கிம் இந்தியாவின் 22 ஆவது மாநிலமாயிற்று. உள்நாட்டுப் பிளவு அயல் வல்லரசுக்குக் கதவைத் திறந்து விடும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

பூட்டான்: 1959 இல் திபெத்தில் ஏற்பட்ட எழுச்சி அடக்கப்பட்டதைக் கண்ட பூட்டான், தனது வட எல்லையை மூடி இந்தியாவின் பக்கம் சார்ந்து நின்றது. எனினும் தனது தனித்துவத்தை அது கைவிடவில்லை. 1971 இல் ஐ.நா. சபையில் அங்கத்துவம் பெற்றது. 2007 இல் உடன்படிக்கை திருத்தப்பட்டபோது ஆலோசனை பற்றிய வாசகம் நீக்கப்பட்டது. ஆயினும் 2017 இல், பூட்டானும் சீனாவும் உரிமை கோரும் டொக்லாம் பகுதியில் சீனா வீதி அமைக்க முற்பட்டபோது, இந்தியப் படையினரும் சீனப் படையினரும் 73 நாட்கள் எதிரெதிரே நின்றனர். பூட்டான் உரிமை கோரும் நிலத்தில் நின்றவை வேறு இரு நாடுகளின் படைகள் என்பதைக் கவனியுங்கள்.

நேபாளம்: இது சமநிலை பேண முயன்ற அரசாகும். 1955 இல் சீனாவுடன் இராஜதந்திர உறவை ஏற்படுத்தியது. 1961 இல் கத்மண்டு - கொடாரி வீதிக்குச் சீனாவுடன் உடன்பட்டது. 1975 இல் மன்னர் பிரேந்திரா நேபாளத்தைச் சமாதான வலயமாக ஏற்குமாறு கோரினார். பல நாடுகள் ஆதரித்தும் இந்தியா அதனை ஏற்கவில்லை. 1988 இல் நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியது. 1989 இல் வர்த்தக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியானபோது இந்தியா பெரும்பாலான எல்லைப் பாதைகளை மூடியது.

2015 இல் புதிய அரசியலமைப்பை அடுத்து எல்லையில் மீண்டும் போக்குவரத்து தடைப்பட்டது. இந்தியாவே அறிவிக்காத தடையை விதித்தது என நேபாளம் கூறியது. இந்தியா அதனை மறுத்து, மதேசி மக்களின் போராட்டமே காரணம் என்றது. விடையில் இரு தரப்பு வாதங்களையும் எழுதுங்கள். அவ்வாண்டு ஏப்ரலில் பூமியதிர்ச்சியில் வீடிழந்த மக்கள், சமையல் எரிவாயுவும் மருந்தும் தட்டுப்பாடான நிலையில் குளிர்காலத்தைக் கழித்தனர். பாதுகாப்பு என்பது படைபலம் மாத்திரமன்று, அடுப்பு எரிவதும் பாதுகாப்பே என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம். 2016 இல் நேபாளம் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்துவதற்கான உடன்பாட்டைச் செய்து கொண்டது. ஆனால் கொல்கத்தாவுடன் ஒப்பிடுகையில் அத்துறைமுகங்கள் பல மடங்கு தூரத்தில் உள்ளன.

3. தாக்கத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

(அ) புவியியல் அமைவிடம்: நேபாளமும் பூட்டானும் கடலற்ற நாடுகள். பாதை அயலவர் கையில் உள்ளது.
(ஆ) வல்லரசின் அச்சம்: டொக்லாமுக்குத் தெற்கேயுள்ள ஒடுங்கிய சிலிகுரிப் பாதையே இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களை ஏனைய பகுதிகளுடன் இணைக்கின்றது. இந்தியாவின் கடும் நிலைப்பாட்டுக்கு இதுவே முக்கிய காரணமாகும்.
(இ) உள்நாட்டு ஒற்றுமை: ஒற்றுமை குலைந்தால் பேரம் பேசும் பலமும் குலையும்.

4. இலங்கையுடன் ஒப்பிடுக

இலங்கையின் முயற்சியால் 1971 இல் ஐ.நா. பொதுச்சபை இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனம் செய்தது. 1987 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை வேறு நாடுகளின் இராணுவப் பயன்பாட்டுக்கு வழங்குவதில்லை என இணங்கப்பட்டது. தரைவழியை மூடி நேபாளத்தை நெருக்கியது போலத் தீவான இலங்கையை நெருக்க முடியாது. ஆனால் அதே கடலும் துறைமுகங்களுமே வல்லரசுகளை இங்கு ஈர்க்கின்றன.

முடிவுரையாக எழுதக்கூடியது: சிறிய அரசால் தன் அயலவரைத் தெரிவு செய்ய முடியாது. எனினும் உள்நாட்டு ஒற்றுமை, நிதானமான இராஜதந்திரம், சர்வதேச அமைப்புகளின் அங்கத்துவம் என்பவற்றால் தனது சுதந்திரத்தின் எல்லையை விரிவாக்கிக் கொள்ள முடியும். இதற்குப் பூட்டானைச் சாதகமான உதாரணமாகவும் சிக்கிமை எதிர்மறையான உதாரணமாகவும் காட்டுங்கள். ஆண்டுகளைப் பாடமாக்கினால் மட்டும் போதாது, ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே “ஏன்?” என்ற கேள்வியை எழுதிப் படியுங்கள்.