மழைக்கு முன் வாகனத் தரிப்பிடத்தைக் கவனியுங்கள்

2010 நவம்பர் 10ஆம் திகதி இரவு கொழும்பில் பெய்த மழையை நம் வர்த்தகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அத்தகைய மழைக்குத் தனியொரு கடைக்காரரால் எதுவும் செய்ய முடியாது. நான் சொல்ல வருவது நமக்குப் பழக்கப்பட்ட 100 மில்லிமீற்றர் மழையைப் பற்றித்தான்.

கணக்கைப் பாருங்கள். 10 பேர்ச்சஸ் தரிப்பிடம் என்பது சுமார் 253 சதுர மீற்றர். அதில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 25,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். 6,000 லீற்றர் பவுசர்கள் நான்கைக் கொண்டுவந்து உங்கள் கடை வாசலில் திறந்துவிட்டதற்குச் சமம். கொங்கிரீட் போட்ட நிலம் இதை உறிஞ்சாது. வடிகான் வாயில் இரண்டு பொலித்தீன் பைகள் அடைத்தால் போதும், வாடிக்கையாளர் வாகனத்தை நிறுத்தாமலே அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கனடாவில் கடை வைத்திருப்பவர்கள் பனி அகற்றுவதற்கு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்கிறார்கள். எத்தனை சென்ரிமீற்றர் விழுந்தால் ஆள் வரவேண்டும், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், அள்ளிய பனியை எங்கே குவிப்பது என்றெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். பனி விழுந்த பிறகு ஆள் தேடினால் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியதுதான். நம்மூரில் வெள்ளம் வந்த அன்று தண்ணீர்ப் பம்பு வாடகைக்குத் தேடியவர்களுக்கும் இது தெரியும்.

தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில் தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் மாலை வேளை இடிமழை. ஆகவே ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் வடிகான் துப்புரவுக்கு ஆளைப் பேசி, வேலையையும் கூலியையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்டிய மண்ணை அள்ளிக்கொண்டு போவதும் அவர் பொறுப்பு என்று எழுதுங்கள். கானோரத்தில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே மண் திரும்ப உள்ளே போய்விடும்.

வீதி வடிகான் மாநகர சபையின் பொறுப்பு. உங்கள் மதிலுக்கு உள்ளே இருப்பது உங்களுடையது. கொட்டாஞ்சேனையின் பழைய கட்டடங்களில் நான்கு கடைக்கு ஒரே கான் என்றால் நால்வரும் சேர்ந்து ஒரே ஆளைப் பேசுவதே மலிவு. வெள்ளவத்தையில் நிலக்கீழ்த் தரிப்பிடம் உள்ளவர்கள் பம்பை மாதம் ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் அது எதில் ஓடும் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். தீக்காப்புறுதி இருப்பதாலேயே வெள்ளச் சேதம் கிடைத்துவிடாது; அதைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

மழை விட்டதும் தேங்கிய நீரை அன்றைக்கே வெளியேற்றுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ், நுளம்பு பெருக இடம் வைத்திருப்பவர் மீது வழக்குத் தொடரலாம். கானின் இரும்பு மூடியைத் தூக்கி அடியில் நிற்கும் நீரையும் பாருங்கள்.