அவசரத்துக்கு விற்பவரிடம் அடிமாட்டு விலையா?

இத்தலார் போன்ற மலைக்கிராமங்களில் மளிகைக்கடை வியாபாரம் பச்சைத் தேயிலை விலையோடு ஏறி இறங்கும். 1991-ல் சோவியத் யூனியன் சிதறியதால் நீலகிரித் தேயிலையின் முக்கியச் சந்தை தளர்ந்தது. 1990-களின் இறுதியில் இலை விலை விழுந்தபோது சிறு விவசாயிகள் பலர் கடனில் சிக்கினர்.

இத்தகைய காலங்களில் தோட்டம் விற்பனைக்கு வரும். வாங்க வசதியுள்ளவர்களில் வணிகர்களாகிய நாமும் உண்டு. குறைத்துக் கேட்பது தவறா? இல்லை. பாதையில்லை, செடிகளுக்கு வயதாகிவிட்டது என்று காரணம் காட்டிக் கேட்பது நியாயமான பேரமே. ஆனால் அவர் பாக்கி எவ்வளவு என்பது நம் கடன் நோட்டில் இருக்கிறது. அதை வைத்து அவருடைய நெருக்கடிக்கு விலை பேசுவது நம்பிக்கைத் துரோகம்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 25-வது பிரிவு இதற்கு ஓர் உதாரணம் தருகிறது. 1,000 ரூபாய் பெறும் குதிரையை 10 ரூபாய்க்கு மனமொப்பி விற்றால் ஒப்பந்தம் செல்லும். சம்மதம் சுதந்திரமாகத் தரப்படவில்லை என்று விற்றவர் சொன்னால், விலைக் குறைவையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும்.

வரியையும் மறக்கலாகாது. பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவானாலும் முத்திரைத் தீர்வை அந்த மதிப்புக்கே கேட்கப்படும். வித்தியாசம் 50,000 ரூபாய், விலையில் 10 சதவீதம் இவற்றில் அதிகமானதைத் தாண்டினால், முழு வித்தியாசமும் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வருமான வரி வரலாம்.

எனவே அக்கம்பக்கத்து விற்பனை விலையை விசாரித்துக் கேளுங்கள். குடும்பத்தாரோடு கலந்து பேச அவருக்கு அவகாசம் கொடுங்கள். கடை பாக்கியைத் தனியே தீர்த்துக்கொள்ளுங்கள். நாளையும் அவர் நம் கடைப் படி ஏற வேண்டியவர்.