பருத்திக் கடனைப் பாடிய சிப்பாய்

சிட்னி லேனியர் இறந்தபோது அவருக்கு வயது 39. அதற்குள் சிப்பாய், போர்க்கைதி, பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர், புல்லாங்குழல் கலைஞர், பல்கலைக்கழக விரிவுரையாளர் என எல்லாமாகவும் இருந்துவிட்டார். அமெரிக்காவின் தென்மாநிலமான ஜார்ஜியா அவரைத் தன் கவிஞராகக் கொண்டாடுகிறது. அங்குள்ள பெரிய நீர்த்தேக்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மலேசியாவின் டெங்கில், சிப்பாங், காஜாங் தோட்டப்புறங்களில் வேர்விட்ட நமக்கு அவரைப் படிக்க வேறொரு காரணம் உண்டு. ஒற்றைப் பயிரும் கடனும் சேர்ந்தால் ஒரு மண் என்ன ஆகும் என்று எழுதியவர் அவர்.

சிறையில் தொற்றிய நோய்

1842 பிப்ரவரி 3ஆம் நாள் மேக்கன் நகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். 1860இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. தென்தரப்புப் படையில் சேர்ந்தார். அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன மாநிலங்களின் படை அது. இதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

1864 நவம்பரில், வடதரப்பின் கடல் முற்றுகையை மீறிச் செல்ல முயன்ற கப்பலில் இருந்தபோது பிடிபட்டார். மேரிலாந்திலுள்ள பாயின்ட் லுக்அவுட் முகாமில் அடைத்தார்கள். சட்டைக் கைக்குள் ஒளித்துக் கொண்டுபோன புல்லாங்குழல்தான் அங்கே துணை. சில மாதங்களில் விடுதலை கிடைத்தது. காசநோயும் கூடவே வந்தது. மீதி வாழ்நாள் முழுவதும் அந்த நோயோடுதான் போராடினார்.

பத்திரக் கட்டும் கவிதையும்

1867இல் ஒரு நாவல் வெளியிட்டார். மேரி டேயை மணந்தார். அலபாமாவில் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியர் வேலை. 1868இல் ஊர் திரும்பி, தந்தையின் சட்ட அலுவலகத்தில் அமர்ந்தார். நீதிமன்றத்தில் நின்று வாதாட நுரையீரல் இடம் தரவில்லை. மேசை வேலைதான் அவருக்கு. நிலப் பத்திரங்களோடு பொழுது போனது.

ஜார்ஜியாவின் குடியானவர்கள் கடனில் மூழ்கிய காலம் அது. விதை, உரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடைக்காரரிடம் கடன். வரப்போகும் விளைச்சலே ஈடு. கடன் கொடுத்தவர் பருத்தியைத்தான் கேட்பார். அதனால் தானியம் போட வேண்டிய நிலத்திலும் பருத்தியே போட்டார்கள். தானியத்தையும் கடனுக்கு வாங்கித் தின்றார்கள். பருத்தி விலையோ இறங்கிக்கொண்டே போனது.

1873இன் இறுதியில் லேனியர் சட்டத்தை விட்டுவிட்டு, பால்ட்டிமோர் நகரின் பீபாடி இசைக்குழுவில் புல்லாங்குழல் வாசிக்கப் போனார். அவருக்கு நாடறிந்த பெயர் வாங்கித் தந்தது 1875இல் வந்த 'கார்ன்' என்ற மக்காச்சோளக் கவிதை. தானியம் விளைவிப்பவனின் நிமிர்ந்த வாழ்வையும், பருத்தி விலையை நம்பிச் சூதாடி, நிலத்தை அடகில் இழந்து, மேற்கே போகிறவனின் வீழ்ச்சியையும் அது அருகருகே வைக்கிறது. சட்ட அலுவலகத்தில் கழிந்த ஆண்டுகளை வீண் என்று சொல்லிவிட முடியாது. அடகுப் பத்திரத்தின் கொடுமை அறிந்தவர் எழுதிய கவிதை அது.

1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். மறு ஆண்டு, யாப்பை இசையின் வழியே ஆராயும் நூல் ஒன்றை வெளியிட்டார். 1880 டிசம்பரில் கடும் காய்ச்சலோடு தம் கடைசிப் பெருங்கவிதையை எழுதினார். 1881 செப்டம்பர் 7ஆம் நாள் உயிர் பிரிந்தது.

கவிதைக்குள் வராதவர்கள்

ஆனால் 'கார்ன்' கவிதையில் இழப்பவன் நிலம் வைத்திருந்தவன். அந்த நிலத்தில் குனிந்து பருத்தி பறித்த கறுப்பின மக்களுக்கு அங்கே இடமில்லை. மண்ணின் காயத்தைக் கண்ட கவிஞர், அந்த மண்ணில் உழைத்த கைகளைக் காணவில்லை. நிலப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் கிடையாது.

நம் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் படை அதிகாரிகள் 1921இல் திறந்தது பெராங் பெசார் தோட்டம். அங்கே பால்மரம் சீவியவர்களும், பின்னால் செம்பனைக் குலை வெட்டியவர்களும் பெரும்பாலும் நம் மக்கள். 1990களில் புத்ராஜெயா நகருக்காக நிலம் கைமாறியபோது, அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்தன. அந்தச் சுவர்களில் விரிசல் விட்ட செய்தி நாளிதழ்களில் பலமுறை வந்தாயிற்று. தலைமுறை தலைமுறையாக உழைத்தும், அடகு வைக்கக்கூட ஒரு துண்டு நிலம் அவர்கள் பெயரில் இருந்ததில்லை.

லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, தோட்டத்துப் பள்ளிப் படம், தாலாட்டு, ஒப்பாரி எல்லாமே ஆவணங்கள்தான். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளும் கவிதை எழுதும் நம் பிள்ளைகளும் இந்த வேலையில் சேர்ந்து இறங்க வேண்டும். பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவரே பாட்டும் எழுதலாம் என்பதற்கு லேனியர் சான்று. அவர் பாடாமல் விட்டவர்களைப் பாடும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.